பல்கேரிய முறையா, சோவியத் அட்டவணையா: ஓசூர் ஷிப்ட் தொழிலாளிக்கு எது பொருந்தும்?

போட்டிக்கு எட்டு வாரங்களே இருக்கும் நிலையில், ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே பளுதூக்கும் ஒருவர், புகழ்பெற்ற இரு பயிற்சி முறைகளுள் எதைத் தேர்வது என்பதே இங்கே கேள்வி.

பல்கேரியப் பயிற்சியாளர் இவான் அபாஜியேவ் வகுத்த பல்கேரிய முறை, கேட்பதற்கு மிக எளிது. ஸ்னாட்ச் (தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கும் பின்னர்த் தலைக்கு மேலும் இரு கட்டமாகத் தூக்குவது), ஸ்குவாட் (எடையைத் தோளில் ஏந்தி உட்கார்ந்து எழுவது) என விரல்விட்டு எண்ணக்கூடிய சில பயிற்சிகளிலேயே நாள்தோறும், அதுவும் ஒரே நாளில் பல வேளைகள், அன்றைய உச்ச எடைவரை ஏறிப் பார்ப்பதுதான் அது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பல்கேரியா இம்முறையால் பளுதூக்குதலில் மூன்று தங்கம் வென்றது. அப்பட்டறையில் வளர்ந்து, பின்னர்த் துருக்கிக்குப் பெயர்ந்த நயீம் சுலைமானோக்லு, 1988இல் சியோலில் துருக்கிக்காக 60 கிலோ பிரிவில் இறங்கி, தம் உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாக, 190 கிலோவை ஜெர்க் செய்தார். ஆனால் அதே ஒலிம்பிக்கில் பல்கேரிய வீரர் இருவர் தடைசெய்யப்பட்ட மருந்துக்காகத் தங்கத்தை இழந்ததும், அணியே விலகியதும் நினைவில் இருக்க வேண்டும். வெற்றி முழுவதையும் பயிற்சி முறையின் கணக்கில் எழுதிவிட முடியாது.

சோவியத் முறை இதற்கு நேர்மாறானது. சோவியத் பயிற்சியாளர் பிரிலெபின் பெயரிலான அட்டவணை, ஒருவரின் உச்ச எடையில் எத்தனை விழுக்காடு தூக்குகிறார் என்பதற்கு ஏற்ப, ஒரு பயிற்சி வேளையின் மொத்தத் தூக்குகளை வரையறுக்கிறது. ஸ்னாட்சில் உச்சமாக 90 கிலோ தூக்குபவர் 80 விழுக்காடான 72 கிலோவை, செட்டுக்கு மூன்று வீதம் ஐந்து செட்டுகளில் 15 முறை தூக்கினால் போதும். இருபதைத் தாண்டக் கூடாது. உச்ச எடையை அன்றாடம் தொடுவதற்கு இதில் இடமில்லை.

நம் பகுதிக்கு இரண்டாவதே ஏற்றது என்பது என் முடிவு. ஓய்வின்மை ஒரு காரணம் என்றாலும், பலரும் பேசாத காரணம் தளவாடம். கிருஷ்ணகிரி, தர்மபுரி போன்ற ஊர்களில் சாதாரண ஜிம்முக்குப் போகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரும்புத் தட்டும் சிமென்ட் தரையும்தான். தலைக்கு மேலிருந்து பாரை (எடைத் தட்டுகள் மாட்டிய இரும்புக் கம்பியை) கீழே போட முடியாத இடத்தில், நாள்தோறும் உச்ச எடைக்கு முயல்பவர் தோற்கும் தூக்கையும் கையோடு தாங்கி இறக்க நேரிடும். அப்போது முதலில் அடிவாங்குவது மணிக்கட்டும் கீழ்முதுகும். ரப்பர் தட்டும் மரமேடையும் உள்ள இடம் கிடைத்தவருக்கு இந்த வாதம் பொருந்தாது.

அட்டவணைக்கும் ஒரு குறை உண்டு: இரவு ஷிப்ட் முடித்து வந்தவரின் 80 விழுக்காடு, தூங்கி எழுந்தவரின் 80 விழுக்காடு ஆகாது. பார் இடுப்பைத் தாண்டும் வேகம் கண்ணுக்குத் தெரியவே மந்தமானால், எடையைக் குறைப்பதே முறை. மேலும், போட்டி மேடையில் ஒவ்வொரு முயற்சியிலும் நடப்பது ஒற்றைத் தூக்கு மட்டுமே. பெயர் அழைத்ததும் ஒரு நிமிடத்துக்குள் பார் தரையை விட்டு எழ வேண்டும். அதற்குப் பழகுவதில் பல்கேரிய முறையே மேல். எனவே கடைசி மூன்று வாரங்களில் மட்டும், வாரத்துக்கு ஒருநாள், மேடை வசதியுள்ள இடத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஒற்றைத் தூக்குகளைச் சேர்க்கலாம். அந்நாட்களில் தவறாமல் ஏறிய எடையையே முதல் முயற்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஏனெனில் அறிவித்துத் தோற்ற எடையைப் பின்னர்க் குறைக்க விதி இடம் தருவதில்லை, ஸ்னாட்சில் மூன்று முயற்சிகளும் தவறினால், ஸ்னாட்சையும் கிளீன் அண்ட் ஜெர்க்கையும் கூட்டும் மொத்த எடைக் கணக்கே கிடையாது.