எல்.எஸ்.டி. என்று சொல்லி வெல்டிங் அடித்த டிஃபரன்ஷியலை விற்கிறார்கள், கவனமாக இருங்கள்

நேற்று ராத்திரி பழைய ஸ்பேர் பார்ட்ஸ் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் காரின் டிஃபரன்ஷியல் (இன்ஜின் சக்தியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற சாமான்) கண்ணில் பட்டது. பின் மூடியின் ஓரத்தில் ஜாக்கி வழுக்கி விழுந்த கீறல். கழற்றும்போது அடையாளத்துக்காக நான் போட்ட வெள்ளைப் பெயிண்ட் கோடு. இரண்டும் அப்படியே இருக்கின்றன. மூன்று மாதம் முன்பு என்னிடம் இருந்தபோது அது சாதாரண டிஃபரன்ஷியல். இப்போது "ஜப்பான் எல்.எஸ்.டி., சூப்பர் கண்டிஷன்" என்று 68,000 ரூபாய்க்கு விலை போட்டிருக்கிறார்கள். இதை அடுத்து யார் தலையில் கட்டப்போகிறார்களோ என்ற பதைப்பில்தான் எழுதுகிறேன்.

என் கார் பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ். ஆறு சிலிண்டர் பெட்ரோல், மேனுவல் கியர், பின் சக்கரம் இழுக்கிற வண்டி. கொச்சியில் வாங்கி வந்து, பாளையங்கோட்டையில் வீட்டு முற்றத்திலேயே முக்கால்வாசி வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். பாபநாசத்திலிருந்து காரையார் ஏறும் ரோட்டிலும் புளியரை எஸ் வளைவிலும் கொஞ்சம் அழுத்தி ஏற்றினால் உள்பக்கச் சக்கரம் பிடி விட்டுச் சும்மா சுற்றும். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் பிடி போய்விட்டால் மறு பக்கமும் அதே அளவுக்குத் தளர்ந்துவிடும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது எல்.எஸ்.டி., உள்ளே கிளட்ச் தகடுகளை வைத்து இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஓர் இறுக்கம் கொடுக்கிறது. அதனால் பிடி இருக்கிற சக்கரத்துக்கும் வேலை போய்ச் சேரும். அந்த ஆசையில்தான் தேட ஆரம்பித்தேன்.

வெளியூர் ஆள் ஒருவர் கிடைத்தார். ஹாஃப் கட் (வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டி வரும்) வண்டிகளிலிருந்து எடுத்த சாமான் என்றார். நான் அவ்வளவு ஏமாளி இல்லை, படித்துவிட்டுத்தான் கேட்டேன். "ஒரு பக்கத்து ஃபிளாஞ்சைச் சுற்றிக் காட்டுங்க" என்றேன். பக்க ஷாஃப்ட் வந்து பூட்டுகிற தட்டுதான் ஃபிளாஞ்ச். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் மறு பக்கம் எதிர்த் திசையில் சுற்றும். கிளட்ச் எல்.எஸ்.டி. என்றால் அதே திசையில் சுற்றும். வீடியோ காலில் அவர் சுற்றினார். "ரெண்டும் ஒரே பக்கமா சுத்துது பாருங்க அண்ணே." சுற்றத்தான் செய்தது. என் பழையதைக் கொடுத்தால் 13,000 கழித்துக்கொள்வதாகச் சொன்னார். மிச்சம் 55,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பார்சல் ஆபீசில் போய் அவர் அனுப்பியதை எடுத்துக்கொண்டு வந்தேன். என் பழையதைக் கழற்றிய கையோடு அங்கிருந்தே அனுப்பிவைத்தேன்.

இந்த இடத்தில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். புதிது நூறு கிலோமீட்டராவது ஓடுவதற்குள் பழையதைக் கைவிட்டிருக்கக் கூடாது.

மாட்டுவதற்கு நானும் மச்சினனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உழைத்தோம். வண்டியை நாலு ஸ்டாண்டில் நிறுத்தினோம் (வெறும் ஜாக்கியை நம்பி யாரும் கீழே படுக்காதீர்கள்). சைலன்சரை இறக்கி, புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, இரண்டு பக்க ஷாஃப்டையும் விலக்கிக் கட்டினோம். முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும் அந்தச் சாமானை நெஞ்சில் தாங்கி ஏற்றினோம். ஜி.எல்.-5 கியர் ஆயிலை ஃபில்லர் துளை வாய் வரை ஊற்றினோம்.

மறுநாள் நாங்குநேரி டோல் வரை போய் வந்தேன். நேர் ரோட்டில் ஒரு குறையும் இல்லை. வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்கு அடியில் திருப்பும்போதுதான் பின்பக்கம் குதிரை மாதிரி குதித்தது. வீட்டில் ரிவர்ஸ் எடுத்தால் டயர் கிரீச்சென்று கத்தியது. காலையில் பார்த்தால் முற்றத்துச் சிமெண்ட் தரையில் பிறை வடிவத்தில் கறுப்புத் தடம். போன் போட்டேன். "புது கிளட்ச் தகடு அண்ணே, முதல்ல அப்படித்தான் இறுக்கமா இருக்கும். ஐநூறு கிலோமீட்டர் ஓடட்டும், ஆயில்ல ஃபிரிக்ஷன் மாடிஃபயர் சேருங்க" என்றார். இதில் பாதி உண்மை என்பதால்தான் நம்பினேன். கிளட்ச் எல்.எஸ்.டி.க்குத் தகடுகளின் உராய்வை மட்டுப்படுத்தும் அந்த மருந்து தேவைதான், ஆரம்பத்தில் முனகவும் செய்யும். 2,000 ரூபாய்க்கு ஆயிலும் மருந்தும் வாங்கி ஊற்றினேன்.

அப்புறம் ஒரு மழை நாள். கொக்கிரகுளத்தில் பாலத்துக்குத் திரும்புகிற இடம். வேகம் இருபதுக்கு மேல் இருக்காது. பின்பக்கம் அப்படியே வெட்டிக்கொண்டு போனது. பக்கத்தில் ஒரு ஸ்கூட்டியில் அம்மாவும் பள்ளிக்கூடப் பிள்ளையும். ஒரு சாண் இடைவெளியில் நின்றது வண்டி. அந்த அம்மா திட்டக்கூட இல்லை, பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

மேலப்பாளையத்தில் ஒரு வயசான மெக்கானிக் பாய் இருக்கிறார், அம்பாசடர் காலத்து ஆள். அவரைக் கூட்டி வந்தேன். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். ஒரு பின் சக்கரம் தரையில் இருக்க, மற்றதை மட்டும் தூக்கச் சொன்னார். தூக்கிய சக்கரத்தில் நீளக் கம்பியைப் பூட்டி, "திருப்புங்க தம்பி" என்றார். நல்ல எல்.எஸ்.டி. ஓர் அளவு இறுக்கத்தைத் தாண்டியதும் வழுக்கி மெதுவாகத் திரும்பும். நானும் மச்சினனும் சேர்ந்து தொங்கினோம். "திரும்பவே மாட்டங்கு அத்தான்" என்றான் அவன். பாய் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "மூடியத் திறங்க. உள்ள பத்த வச்சிருக்கான்."

ஆயிலைப் பழைய வேட்டித் துணியில் வடித்தோம். துணியில் கடுகு கடுகாக இரும்பு மணிகள். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலுக்குப் பக்கத்துச் சந்து வழியாக உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் தெரிகின்றன. பல்லோடு பல்லை வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார்கள். முருங்கைப் பிசின் மாதிரி உருண்டு திரண்டு நிற்கிறது. கிளட்ச் தகடு ஒன்றுகூட இல்லை. வெறும் சாதாரண டிஃபரன்ஷியல். டிரிஃப்ட் ஓட்டுகிறவர்கள், அதாவது வேண்டுமென்றே பின்பக்கத்தை வழுக்கவிட்டு ஓட்டுகிறவர்கள், செலவில்லாமல் இப்படிச் செய்துகொள்வது உண்டு. மைதானத்தில் டயரை உரசி ஓட்டுவதற்கு அது சரி. ஊர் ரோட்டுக்கு அது எமன்.

ஏன் என்று கேட்டால், பின் சக்கரங்களுக்கு நடுவே சுமார் ஒன்றரை மீட்டர் இருக்கிறது. வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட 9 மீட்டருக்கு மேல் அதிகம் ஓட வேண்டும். வட்டம் சின்னதோ பெரியதோ, இந்தக் கணக்கு மாறாது. இரண்டையும் பற்றவைத்துவிட்டால் அந்த 9 மீட்டரையும் டயர்தான் ரோட்டில் தேய்த்துச் சமாளிக்க வேண்டும். காய்ந்த ரோட்டில் டயரும் ஷாஃப்டின் ஜாயிண்டும் சாகும். ஈர ரோட்டில் பிடி முதலில் போவது பின்பக்கம்.

ஆக, இரண்டும் ஒரே திசையில் சுற்றுகிறது என்பதை மட்டும் வைத்து வாங்காதீர்கள். பற்றவைத்ததும் அப்படித்தான் சுற்றும். ஒரு ஃபிளாஞ்சை அசையாமல் பிடிக்கச் சொல்லி மற்றதை நீளக் கம்பியால் திருப்பச் சொல்லுங்கள். லேசாகச் சுற்றினால் அநேகமாகச் சாதாரணம். அழுத்தினால் வழுக்கித் திரும்பினால் கிளட்ச் எல்.எஸ்.டி. எவ்வளவு தொங்கினாலும் அசையாவிட்டால் பற்றவைத்தது. பல்சக்கரங்களால் மட்டுமே இயங்கும் டார்சன் போன்ற வகைகள் தூக்கி வைத்துச் சுற்றும்போது சாதாரணம் மாதிரியே எதிர்த் திசையில் சுற்றும், அவற்றை இந்தச் சோதனையில் பிரிக்க முடியாது. எந்த வகையானாலும் மூடியைத் திறந்து உள்ளே காட்டாதவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

படத்தை அனுப்பியதும் அந்த ஆள் "செகண்ட் ஹேண்டுக்கு கேரண்டி இல்ல" என்று ஒரு வரி போட்டுவிட்டு என்னை பிளாக் செய்தார். பில் இல்லை. ஆனால் "ஒரிஜினல் எல்.எஸ்.டி." என்று அவர் எழுதிய மெசேஜும் ஜிபே ரசீதும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.

வண்டியில் இப்போது வேறொரு சாதாரண டிஃபரன்ஷியல் ஓடுகிறது, பாய் திறந்து பார்த்து வாங்கிக் கொடுத்தது. பற்றவைத்த சாமான் சாட்சிக்காக என் வீட்டுத் திண்ணையில் மூடி திறந்தபடி கிடக்கிறது. நெல்லைப் பக்கம் யாராவது அந்த 68,000 ரூபாய் விளம்பரத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க நினைத்தால், அதற்கு முன்னால் ஒரு நடை வந்து இதைப் பார்த்துவிட்டுப் போங்கள். விளம்பரத்தில் வெள்ளைப் பெயிண்ட் கோடு போட்டிருப்பது என்னுடைய பழைய சாதாரண டிஃபரன்ஷியல்.