காய்ச்சல்தான் இல்லையே!

பொங்கலுக்கு ஒரு வார விடுப்பில் சிங்கப்பூரிலிருந்து மேலூர் பக்கம் எங்கள் ஊருக்குப் போனேன். அது மூன்று வாரமாக நீண்டுவிட்டது.

மாட்டுப்பொங்கல் அன்று அப்பா சாப்பாடு வேண்டாம் என்றார். 78 வயது, சர்க்கரை, பிரஷர் எல்லாம் உண்டு. "வயிறு மந்தமா இருக்குப்பா, வேற ஒண்ணுமில்ல" என்று ஓமத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாளும் அதே கதை. தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை. கிளினிக்கில் டோக்கன் போட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். காய்ச்சல் இல்லை, கேஸ்தான் என்று ஒரு ஊசியோடு அனுப்பிவிட்டார்கள். வயிற்றை அழுத்திப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அவர்களை மட்டும் திட்ட எனக்கு வாய் வரவில்லை, நானும் அதைத்தானே நம்பினேன்.

அன்று ராத்திரி என்னைப் பார்த்து, எப்போதோ இறந்துபோன சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "இது சரியில்ல, வண்டியக் கூப்பிடு" என்றாள் அம்மா.

108 வந்தது. அதில் வந்த பையனைத்தான் இந்தப் பயணத்தில் முதலில் பாராட்டுவேன். ஏற்றியதும் பிரஷர், சுகர், ஆக்சிஜன் பார்த்தான். "என்னென்ன மாத்திரை சாப்பிடுறாரு அண்ணே?" என்றான். எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு "வெள்ளை மாத்திரை, பாதி ரோஸ் மாத்திரை" வரைக்கும்தான் தெரியும். ஒத்தக்கடை தாண்டும்வரை வீட்டுக்குப் போன் போட்டு, அட்டையில் உள்ளதைத் தங்கையை வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. சிடி ஸ்கேனில் குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ். உடனே ஆபரேஷன்.

பிறகு சர்ஜன் பொறுமையாக விளக்கினார். இளவட்டமாக இருந்தால் காய்ச்சல் அடிக்கும், வெள்ளை அணு ஏறும், வயிறு பலகை மாதிரி இறுகும். வயதானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி மந்தம் என்பதால் காய்ச்சலே வராமல் போகலாம். தசை மெலிந்திருப்பதால் வயிறும் இறுகாது. பல வருடச் சர்க்கரை வலியையே மழுங்கடித்துவிடும். அப்பா சாப்பிட்ட அட்டெனோலால் என்ற பிரஷர் மாத்திரை நாடித்துடிப்பைக்கூட ஏறவிடாது. ஆனால் உள்ளே நோய் நிற்காது. அந்த வயதில் குடல்வாலுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் சீக்கிரம் வெடிக்கிறது. "ஆள் அடையாளம் தெரியாம குழம்பினதுதான் தம்பி உங்களுக்குக் கெடச்ச காய்ச்சல்" என்றார்.

பதினோரு நாள் படுக்கை. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்ததால் ஆன்டிபயாட்டிக் அளவைத் தினமும் பார்த்துப் பார்த்து மாற்றினார்கள், நர்சுகள் தங்கமானவர்கள். பில் கவுண்டரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. காலை ஒன்பது மணிக்கு டிஸ்சார்ஜ் என்றார்கள், இன்சூரன்ஸ் ஒப்புதல் வர இரவு எட்டாகிவிட்டது. அதற்குள் அப்பா மூன்று முறை சட்டையை மாட்டிக் கழற்றிவிட்டார்.

கிளம்பும் முன் எல்லா மாத்திரை அட்டைகளையும் படமெடுத்து, பெயரும் அளவும் எழுதிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். அம்மா இன்னும் திறந்து பார்க்கவில்லை.