கலிஃபோர்னியாவில் கையெழுத்து திரட்டுவோருக்கு: சட்டமா, அரசமைப்புத் திருத்தமா, ரெஃபரெண்டமா?

கலிஃபோர்னியாவில் குடிமக்களே போதிய கையெழுத்து திரட்டி ஒரு முன்மொழிவை மக்கள் வாக்குக்கு விடலாம். அதை எந்த வடிவில் கொண்டுபோவது என்பதில் என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரணச் சட்டமாகக் கொண்டுபோங்கள். சட்டமன்றம் பிற்பாடு அதைப் பழுதுபார்க்க அனுமதிக்கும் ஒரு விதியையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

சதர்ன் பசிஃபிக் ரயில் கம்பெனியின் பிடியில் மாநிலத் தலைநகர் சேக்ரமென்டோ கிடந்த காலத்தில்தான் இந்த உரிமைக்கான போராட்டம் தொடங்கியது. டாக்டர் ஜான் ராண்டால்ஃப் ஹேன்ஸ் முன்னின்று உழைத்ததில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1903லேயே இதைப் பெற்றது. ஹைராம் ஜான்சன் ஆளுநரானதும், 1911 அக்டோபர் 10 அன்று நடந்த சிறப்புத் தேர்தலில் மாநிலம் முழுவதற்கும் வந்தது. அன்றிலிருந்து குடிமக்களுக்கு மூன்று வழிகள்: புதுச் சட்டம் முன்மொழியலாம், அரசமைப்பைத் திருத்த முன்மொழியலாம், அல்லது சட்டமன்றம் போட்ட சட்டத்தை நிறுத்திவைத்து வாக்குக்கு விடலாம். கடைசியாகச் சொன்னதுதான் ரெஃபரெண்டம்.

கையெழுத்துக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் சட்டத்துக்கும் ரெஃபரெண்டத்துக்கும் 5 சதவீதம், அரசமைப்புத் திருத்தத்துக்கு 8 சதவீதம். 2022 தேர்தலின்படி முறையே 5,46,651, 8,74,641 கையெழுத்து. 1966 வரை சட்டத்துக்கும் திருத்தத்துக்கும் ஒரே 8 சதவீதம்தான். அதே உழைப்புக்கு அரசமைப்பிலேயே எழுதிவிடலாம் என்று அன்று நினைத்ததில் நியாயம் இருந்தது. இன்று அந்த நியாயம் இல்லை.

ஆனால் 5,46,651 கையெழுத்தோடு போய் நின்றால் தோற்பீர்கள். கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலர்கள் முதலில் எல்லாவற்றையும் சரிபார்ப்பதில்லை. 3 சதவீதம் அல்லது 500, இதில் எது அதிகமோ அத்தனையைக் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். அந்த மாதிரியை வைத்துப் போடும் மதிப்பீடு தேவையில் 110 சதவீதத்தைத் தாண்டினால் நேரே தகுதி; 95க்குக் கீழே போனால் அத்தோடு முடிந்தது; இடையில் நின்றால் முழு எண்ணிக்கை, அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனவே உங்கள் இலக்கு 6,01,317 செல்லுபடியான கையெழுத்து. நான்கில் ஒன்று தள்ளுபடியாகும் என்று வைத்துக்கொண்டால் 8 லட்சத்துக்குச் சற்று மேல் திரட்ட வேண்டும். அரசமைப்புத் திருத்தத்துக்கு இதே கணக்கு ஏறக்குறைய 12.83 லட்சம்.

தள்ளுபடியிலேயே கொடியது இரட்டைக் கையெழுத்து. 3 சதவீத மாதிரியில் ஒரே ஆள் இரண்டு முறை அகப்பட்டால் ஒன்று மட்டும் கழிவதில்லை. வெளியே இன்னும் எத்தனை இரட்டை இருக்கும் என்று சூத்திரம் ஊகித்து, அந்த ஒன்றுக்காக ஆயிரத்துக்கும் மேல் கழித்துவிடும். கடை வாசலில் தாளை நீட்டுகிறவர் "ஏற்கெனவே போட்டீங்களா?" என்று கேட்கத்தான் வேண்டும். அடுத்த பிழை கவுன்டி கலப்பது. ஒரு தாளில் ஒரு கவுன்டி வாக்காளர்கள் மட்டுமே இருக்கலாம். பெயரையும் வீட்டு முகவரியையும் கையெழுத்திடுகிறவரே தன் கைப்பட எழுத வேண்டும். தபால் பெட்டி எண் செல்லாது.

ரெஃபரெண்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சாதாரணக் குடிமக்கள் குழுவுக்கு அது எட்டாத வழி. மற்ற இரண்டுக்கும் கையெழுத்து திரட்ட 180 நாள் உண்டு. இதற்கு, சட்டம் இயற்றப்பட்ட நாளிலிருந்து 90 நாள்தான். மாநிலத் தலைமைச் சட்ட அலுவலரான அட்டர்னி ஜெனரல் தலைப்பும் சுருக்கமும் எழுதித் தர எடுக்கும் நாட்களும் அதிலேயே கழியும். மிஞ்சும் 80 நாளில் தினம் பத்தாயிரம் கையெழுத்து வேண்டும். காசு உள்ளவர்களால்தான் முடியும். தகுதி பெற்றுவிட்டால் வாக்கெடுப்பு வரை சட்டம் நிற்கும் என்பதால், தோற்றாலும் லாபம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 2014இல் ஆளுநர் கையெழுத்திட்ட பிளாஸ்டிக் பை தடை 2016 நவம்பர் வரை மாநில அளவில் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. சுவையூட்டிய புகையிலைத் தடையும் 2020இல் கையெழுத்தாகி 2022 நவம்பர் வாக்கு வரை காத்திருந்தது. அவசரச் சட்டங்கள், வரிச் சட்டங்கள் மீது ரெஃபரெண்டம் கோரவும் முடியாது.

இனி முக்கியமானது. வெற்றி பெற்ற பிறகு அந்தச் சட்டத்தை யார் பராமரிப்பது? கலிஃபோர்னியாவில் மக்கள் வாக்கால் வந்த சட்டத்தில், அந்தச் சட்டமே அனுமதித்தாலன்றி, மக்களிடம் மீண்டும் போகாமல் சட்டமன்றத்தால் கைவைக்க முடியாது. அரசமைப்பில் எழுதினாலோ ஒவ்வொரு ஓட்டையை அடைக்கவும் தேர்தல்தான். வாக்குச் சீட்டில் வரும் முன்மொழிவை அங்கே ப்ரொபொசிஷன் என்பார்கள். அரசமைப்பில் ஏறிய ப்ரொபொசிஷன் 13ஐப் பாருங்கள். 1978 ஜூன் 6 அன்று சொத்து வரியை 1 சதவீதத்தில் நிறுத்தி, மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் கட்டிப்போட்டது. வீடு சேதமாகி மதிப்பு இறங்கினால் என்ன செய்வது என்று எழுத விட்டுப்போனது. ஐந்தே மாதத்தில், நவம்பரில், ப்ரொபொசிஷன் 8 என்று இன்னொரு வாக்கெடுப்பு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வீட்டுக்கு 1986இல் ப்ரொபொசிஷன் 58. அதன் சலுகையைக் குறுக்க 2020இல் ப்ரொபொசிஷன் 19.

இன்னோர் ஆபத்தும் உண்டு. மக்கள் முன்மொழிவால் அரசமைப்பைத் திருத்தலாம், அடிப்படையையே மாற்றி எழுத முடியாது. 2024 ஜூனில், போதிய கையெழுத்தோடு தகுதி பெற்றிருந்த வரிக் கட்டுப்பாட்டு முன்மொழிவு ஒன்றை இந்தக் காரணத்துக்காக மாநில உச்ச நீதிமன்றம் வாக்குச் சீட்டிலிருந்தே எடுத்துவிட்டது. திரட்டிய அத்தனையும் வீண்.

ப்ரொபொசிஷன் 64 இதற்கு நேர்மாறு. 2016இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய அந்தச் சட்டம், தன் நோக்கத்துக்கு இசைவாகச் சட்டமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் திருத்தலாம் என்று தானே இடம்விட்டது. அது போட்ட சாகுபடி வரி, உலர்ந்த பூ அவுன்ஸுக்குத் தொடக்கத்தில் 9.25 டாலர், உரிமம் பெற்ற விவசாயிகளை நசுக்கியபோது, சட்டமன்றமே 2022 ஜூலை 1 முதல் அதை நீக்கியது. கையெழுத்தும் வேண்டியிருக்கவில்லை, தேர்தலும் வேண்டியிருக்கவில்லை.

சட்டமன்றத்துக்கு அனுமதி தரும் அந்த விதியில் எத்தனை பங்கு வாக்கு கேட்பது? செயலி வழி ஓட்டுநர்களைப் பற்றிய 2020இன் ப்ரொபொசிஷன் 22 எட்டில் ஏழு பங்கு என்று எழுதியது. 80 பேர் சபையில் 70, 40 பேர் செனட்டில் 35; பெயருக்குத்தான் கதவு. எண்ணே வைக்காமல் திறந்துவிடுவதும் சரியல்ல. மாசசூசெட்ஸில் 1998இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய தேர்தல் நிதிச் சட்டத்தை அம்மாநிலச் சட்டமன்றம் 2003இல் ரத்தே செய்துவிட்டது. மூன்றில் இரண்டு, அதாவது 54, 27, நடுவாக நிற்கிறது. அதோடு "இச்சட்டத்தின் நோக்கத்தை முன்னெடுப்பதாக இருந்தால் மட்டும்" என்ற நிபந்தனையும் வேண்டும். 1988இன் ப்ரொபொசிஷன் 103 காப்பீட்டுச் சட்டத்தில் இரண்டும் உண்டு. இந்த நிபந்தனை முழுக் காவல் என்று சொல்லமாட்டேன். நோக்கம் எது என்பதை முடிவில் நீதிமன்றம்தான் சொல்லும். ஆகவே நோக்கப் பிரிவை அலங்காரமாக எழுதாமல் துல்லியமாக எழுதுங்கள்.

எதிராளி சட்டமன்றமேதான் என்றால், அதன் அதிகாரத்தையே குறைப்பதுதான் உங்கள் குறிக்கோள் என்றால், அரசமைப்புத் திருத்தம் தவிர வேறு வழியில்லை. அப்போது 12.83 லட்சத்துக்குத் தயாராகுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு தேதிதான் முக்கியம். அட்டர்னி ஜெனரலிடம் 2,000 டாலர் கட்டி வரைவைக் கொடுத்ததும் 30 நாள் பொதுமக்கள் கருத்துச் சொல்வார்கள். 35ஆம் நாள் வரை நீங்கள் வரைவைத் திருத்தலாம். அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. திருத்த அனுமதி விதி அந்த 35 நாளுக்குள் வரைவில் ஏறியிருக்க வேண்டும்.