வீட்டில் டிரஃபிள்: கம்பவுண்டா, கூவர்ச்சரா?

டிரஃபிள் (சாக்லேட்டும் கிரீமும் சேர்த்துப் பிடிக்கும் மெத்தென்ற உருண்டை) செய்யலாம் என்று பேக்கிங் சாமான் கடைக்குப் போனால் முதலில் குழப்புவது சாக்லேட்தான். ஒரு அலமாரியில் மோர்டே, வான் ஹூட்டன் என்று கம்பவுண்ட் கட்டிகள் அடுக்கியிருக்கும். பக்கத்திலேயே கலிபாட் மாதிரி கூவர்ச்சர் பாக்கெட்டுகள், மூன்று நான்கு மடங்கு விலையில். கேட்டால், "வீட்டுக்குத்தானே மேடம், கம்பவுண்டே போதும்" என்பார்கள். இரண்டிலும் செய்து பார்த்துவிட்டு, டிரஃபிளுக்கு மட்டும் நான் கூவர்ச்சரில் நின்றுவிட்டேன். கேக், பிரௌனிக்கு இன்னமும் கம்பவுண்ட் வாங்குகிறேன். மாவோடு வெந்துவிட்டால் எனக்கு அவ்வளவு வித்தியாசம் தெரிவதில்லை. டிரஃபிளில் நன்றாகவே தெரிகிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கொழுப்பில் இருக்கிறது. கூவர்ச்சரில் கோகோவோடு கோகோ பட்டர் தாராளமாக இருக்கும். கம்பவுண்டில் கோகோ பவுடரைப் போட்டு, கோகோ பட்டருக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்ப்பார்கள். பெரும்பாலும் பனை விதைக் கொழுப்பு. பாக்கெட்டின் முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரைக்கு அடுத்ததாக ஹைட்ரஜனேட் செய்த தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அது கம்பவுண்ட்.

விலையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கம்பவுண்ட் மலிவு. 2024-இல் உலகச் சந்தையில் கோகோ ஒரு டன் 10,000 டாலரைத் தாண்டிப் போனபோது கூவர்ச்சர் விலை இன்னும் ஏறியது. ஆனால் 200 கிராம் சாக்லேட்டில் 25 உருண்டை வரும். ஒன்றுக்குள் போவது 8 கிராம். அந்தக் கணக்கில் பார்த்தால் உருண்டைக்கு ஒரு டீ செலவுதான் கூடுதல். விற்பதற்குச் செய்பவர்களுக்கு அது பெரிய தொகை. வீட்டுக்குச் செய்பவருக்கு இல்லை.

பலரையும் கம்பவுண்ட் பக்கம் தள்ளுவது விலையைவிட டெம்பரிங் பயம். டெம்பரிங் என்றால் சாக்லேட்டை அளவான சூட்டில் உருக்கி, ஆற்றி, பக்குவப்படுத்துவது. கூவர்ச்சரை உருக்கி அப்படியே அச்சில் ஊற்றினால் பளபளப்பு வராது, ஒடிக்கும்போது 'டக்'கென்ற சத்தம் இருக்காது, மேலே வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். கோகோ பட்டர் ஆறு விதமாகப் படிகமாகும். அதில் நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதைப் பிடிக்க டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 27, 28 வரை இறக்கி, மறுபடி 31, 32-க்கு ஏற்ற வேண்டும். வெயில் காலத்தில் ஏசி இல்லாத சமையலறையே 33 டிகிரியில் இருக்கும்போது இதை எங்கே போய்ச் செய்வது? நியாயமான பயம்தான்.

ஆனால் டிரஃபிளுக்கு டெம்பரிங் தேவையே இல்லை. டிரஃபிளின் உயிர் உள்ளே இருக்கும் கனாஷ், அதாவது சாக்லேட்டும் சூடான கிரீமும் சேர்ந்த கலவை. அதில் சாக்லேட் எப்படியும் முழுதாக உருகி கிரீமோடு கலந்துவிடுகிறது. பளபளப்பும் ஒடியும் சத்தமும் அங்கே யாருக்கும் வேண்டாம். ஆறவைத்து, உருட்டி, கோகோ பவுடரில் புரட்டி எடுத்தால் முடிந்தது. நிலத்தடியில் விளையும் டிரஃபிள் காளானைப் போல மண் ஒட்டிய உருண்டையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெயரே வந்தது. பளபளவென்று மேல் ஓடு போட்ட வகைகளும் உண்டு, அவற்றுக்கு டெம்பரிங் வேண்டும். முதல் முறை செய்பவர் அதைத் தொடவே வேண்டாம்.

அப்படியானால் கம்பவுண்டின் பெரிய சௌகரியமான 'டெம்பரிங் வேண்டாம்' என்பது இங்கே அடிபட்டுப் போகிறது. மிச்சம் இருப்பது வாயில் என்ன நடக்கிறது என்பது மட்டும்தான். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது அதுதான்.

கோகோ பட்டர் 25 டிகிரியில் கெட்டியாக இருக்கும். 34-ஐ நெருங்கும்போது ஏறக்குறைய மொத்தமும் இளகிவிடும். நம் வாயின் சூடு 36, 37. நாக்கில் வைத்ததும் அப்படியே கரைந்து ஓடுகிறது, பின்னால் எதையும் விட்டுவைப்பதில்லை. சாதாரண அறைச் சூட்டில் கெட்டியாக நின்று, உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே சட்டென்று உருகும் கொழுப்பு சமையலறையில் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. வெண்ணெய் அதற்கு முன்பே இளகிவிடும்.

கம்பவுண்ட் அப்படி இல்லை. வெயில் தாங்கட்டும் என்றே பல கம்பவுண்டுகளில் உருகுநிலை சற்று உயர்ந்த கொழுப்பைச் சேர்க்கிறார்கள். அதில் ஒரு பங்கு வாயின் சூட்டிலும் முழுதாகக் கரையாமல் மேலண்ணத்தில் படலமாக ஒட்டிக்கொள்கிறது. டால்டாவில் பிடித்த லட்டுக்கும் நெய் லட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாக்கு எப்படிக் கண்டுபிடிக்கிறதோ, அதே மாதிரி. சாக்லேட் மணம் கொழுப்போடு சேர்ந்துதான் வெளியே வர வேண்டும். கொழுப்பு சீக்கிரம் கரையாவிட்டால் மணமும் தாமதமாக வருகிறது. அதற்குள் சர்க்கரைதான் முன்னால் நிற்கிறது. கம்பவுண்டில் சர்க்கரை ஏற்கெனவே தூக்கல். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே தின்றால் இந்தக் குறை இரண்டு மடங்காகத் தெரியும்.

கட்டியாகக் கடித்துத் தின்னும் சாக்லேட்டில் இதைக் கொஞ்சம் மன்னித்துவிடலாம். டிரஃபிளில் கடிப்பதற்கு மொறுமொறுப்போ பருப்போ வேறெதுவோ இல்லை. கரைவதற்காகவே செய்யும் பண்டம், கரைவதிலேயே தடுமாறினால் என்ன மிச்சம்?

"நம்ம ஊர் வெயிலுக்குக் கூவர்ச்சர் தாங்காதே" என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், தாங்காது. ஆனால் கம்பவுண்டில் செய்த கனாஷும் தாங்காது. கிரீம் சேர்ந்த பிறகு எந்தச் சாக்லேட்டும் 28, 30 டிகிரியில் குழைய ஆரம்பித்துவிடும். கம்பவுண்டின் வெயில் தாங்கும் திறமை மேல் ஓடாகப் போடும்போதுதான் பயன்படுகிறது, உள்ளே இருக்கும் கனாஷுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஓடு உருகாமல் கம்பீரமாக நிற்கும், உள்ளே கிரீம் புளித்துக்கொண்டிருக்கும். பால் பொருள் பால் பொருள்தான். எந்த டிரஃபிளாக இருந்தாலும் நம் வெயிலில் சில மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. கோகோ பவுடரில் புரட்டிய கூவர்ச்சர் உருண்டை, சூடு ஏறியதும் தட்டில் சப்பையாக உட்கார்ந்து 'என்னை உள்ளே எடுத்து வை' என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. அது ஒரு வசதி என்றே எனக்குப் படுகிறது.

சரி, அளவு. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் இரண்டு பங்கு டார்க் சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம் என்று சொல்லும். அந்த கிரீமில் கொழுப்பு 35 சதவீதம். இங்கே நம் கைக்குக் கிடைக்கும் அமுல் ஃபிரெஷ் கிரீமில் 25 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் தண்ணீர். அதே அளவில் போட்டால் கனாஷ் தளர்ந்துபோய் உருட்ட வராது. நான் 200 கிராம் கூவர்ச்சருக்கு (கோகோ 55 சதவீதம் வாக்கில்) 85, 90 கிராம் கிரீமும் 15 கிராம் உப்பில்லாத வெண்ணெயும் வைக்கிறேன். கிரீமைத் தளதளவென்று கொதிக்க விடாமல், ஓரத்தில் குமிழி கட்டியதும் இறக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றி இரண்டு நிமிடம் கைவைக்காமல் விட வேண்டும். அப்புறம் நடுவிலிருந்து ஆரம்பித்து மெதுவாகக் கிளறினால் பளபளவென்று கூடிவரும். வெண்ணெய் கடைசியில், சூடு தணிந்த பிறகு. எண்ணெய் பிரிந்து திரிதிரியாகப் போனால் வெதுவெதுப்பான பால் ஒரு ஸ்பூன் விட்டு அடித்துக் கலக்குங்கள், பெரும்பாலும் சேர்ந்துவிடும். சாக்லேட் 70 சதவீதமாக இருந்தால் கிரீமைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும். பொள்ளாச்சிப் பக்கம் ஆனைமலை அடிவாரத்தில் தென்னைக்கு ஊடுபயிராக விளையும் கோகோவிலிருந்து வரும் பார்களில் செய்வதானால் இதைக் கவனத்தில் வையுங்கள். அவை பெரும்பாலும் 70-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

கேக் மேல் அடிக்கும் விப்பிங் கிரீம் இதற்கு வேண்டாம். அதில் பெரும்பாலும் சர்க்கரையும் தாவரக் கொழுப்பும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கோகோ பட்டருக்காகக் காசு கொடுத்துவிட்டு, வேண்டாம் என்று தள்ளிய கொழுப்பைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவதில் அர்த்தம் இல்லை.

கம்பவுண்ட் ஜெயிக்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். ஏசி இல்லாத மண்டபத்தில் பிறந்தநாளுக்குத் தட்டில் அடுக்க வேண்டும் என்றால் கம்பவுண்ட் ஓடு போட்ட உருண்டைதான் கையில் ஒட்டாது. பிள்ளைகளோடு உட்கார்ந்து உருக்கி, முக்கி, மேலே ஸ்பிரிங்கிள்ஸ் தூவி விளையாடுவதற்கும் அதுவே சரி. டெம்பரிங் பற்றிக் கவலைப்படாமல் திரும்பத் திரும்ப உருக்கலாம், கருக விடக் கூடாது, தண்ணீரும் படக் கூடாது. பிள்ளைகளுக்கு அந்தத் தித்திப்பும் பிடிக்கிறது. வெளியூருக்குப் பார்சல் அனுப்புவதில் எனக்கு அனுபவம் கொஞ்சம்தான். அனுப்பிய வரையில், கிரீம் சேர்ந்த எதையும் ஐஸ் பேக் இல்லாமல் அனுப்பத் துணிவு வரவில்லை.

நடுவழி ஒன்றும் உண்டு: உள்ளே கூவர்ச்சர் கனாஷ், வெளியே மெல்லிய கம்பவுண்ட் ஓடு. கடிக்கும்போது முதலில் கம்பவுண்ட்தான் நாக்கில் படும், ஆனாலும் நாலைந்து நாளில் தீர்ந்துவிடும் என்றால் தாராளமாகச் செய்யலாம். செய்யக் கூடாதது, இரண்டையும் ஒரே பாத்திரத்தில் பாதிப்பாதி உருக்கி ஓடு போடுவது. செலவைக் குறைக்கப் பலர் செய்கிறார்கள். கோகோ பட்டரும் பனை விதைக் கொழுப்பும் ஒத்துப்போகாதவை. சேர்ந்தால் தனித்தனியாக இருந்ததைவிட மெத்தென்று ஆகி, சீக்கிரமே வெள்ளை பூத்துவிடும்.

கோகோ பவுடரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இனிப்பில்லாததாக இருக்க வேண்டும், டிரிங்கிங் சாக்லேட் பொடி ஆகாது. டச் முறையில், அதாவது அல்கலி சேர்த்துப் பதப்படுத்தியது கிடைத்தால் நிறமும் ஆழமாக இருக்கும், துவர்ப்பும் குறையும். ஃப்ரிட்ஜில் வைத்தால் பவுடர் ஈரம் இழுத்துத் திட்டுத்திட்டாகிவிடும். அதனால் காற்றுப் புகாத டப்பாவில், உருட்டிய நிலையிலேயே வைத்து, பரிமாறும் அன்று கோகோவில் புரட்டுவது நல்லது. நான் ஒரு வாரம், பத்து நாளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. தின்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் வெளியே எடுத்து, டப்பாவைத் திறக்காமல் விட்டால் உருண்டை மேல் வியர்க்காது.

மில்க் கூவர்ச்சரில் செய்வதென்றால் கிரீமை இன்னும் குறைக்க வேண்டும், இரண்டரை முதல் மூன்று பங்கு சாக்லேட்டுக்கு ஒரு பங்கு. வெள்ளைச் சாக்லேட்டில் என் கை இன்னும் பழகவில்லை. செய்தவரையில் கனாஷ் இளகலாகவே வந்தது, இனிப்பும் எனக்கு அதிகம். அதைப் பற்றி என் பேச்சை நம்ப வேண்டாம்.

முதல் தடவைக்குக் கூவர்ச்சர் பெரிய பை வேண்டாம், சின்ன பாக்கெட்டே போதும். மீதி வந்தால் ஃப்ரிட்ஜில் வைக்காமல், வெங்காயம், மசாலா வாசனை எட்டாத குளிர்ந்த அலமாரியில் மூடி வையுங்கள். கோடையில் ஒருமுறை இளகி இறுகி மேலே சாம்பல் பூத்ததுபோல ஆகிவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். அது கோகோ பட்டர் மேலே வந்து படிந்தது, கெட்டுப்போனதல்ல. ஓடு போட ஆகாது. கனாஷுக்கு எப்படியும் உருக்கத்தானே போகிறோம், அடுத்த தடவைக்கு அதையே போட்டுவிடலாம்.