முதல் ஆயுத மாட் செய்வதற்கு பிளாக்பெஞ்ச்: ஒரு மதிப்புரை

வீடியோ கேமுக்குச் சொந்தமாக ஓர் ஆயுதம் செய்து சேர்க்க வேண்டும் (கேமில் நாமே செய்யும் இத்தகைய மாற்றத்தை 'மாட்' என்பார்கள்) என்ற ஆசையோடு என்னிடம் வழி கேட்கும் கீழக்கரை, மண்டபம் பகுதிப் பிள்ளைகள் பலர், எடுத்த எடுப்பிலேயே பிளெண்டர் என்ற முப்பரிமாண மாதிரி செய்யும் மென்பொருளைத் தரவிறக்கி, அதன் பொத்தான்களைக் கண்டு மலைத்து, முயற்சியையே விட்டுவிடுகிறார்கள். பிளெண்டர் மிகச் சிறந்த இலவச மென்பொருள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் அண்மைப் பதிப்புகள் குறைந்தது 8 ஜிபி ரேம் கேட்கின்றன. பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் அதற்கு ஈடுகொடுக்காது. அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பிளாக்பெஞ்ச் என்ற எளிய மாதிரி செய்யும் மென்பொருள். இதுவும் இலவசம், பிரவுசரிலேயே திறந்து வேலை செய்யலாம், கணினியில் நிறுவியும் கொள்ளலாம்.

மைன்கிராஃப்ட் கேமின், கணினியில் ஆடும் ஜாவா பதிப்புக்கான ஆயுதங்களைச் செய்வதில்தான் இதன் அருமை தெரியும். எதைச் செய்வது என்று கேட்பவர்களிடம் வளரியைச் செய்யச் சொல்கிறேன். எறிந்து தாக்கும் வளைந்த ஆயுதமான அது நம் சீமைக்கே உரியது. இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் தொல்லியல் துறை நடத்தும் அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய ஆயுதங்களை நேரில் பார்த்து, அளவையும் வளைவையும் மனத்தில் வாங்கிக்கொள்ளலாம். வளரியின் ஒரு முனை கனமாகவும் கைப்பிடிக்கும் முனை மெலிந்தும் இருக்கும் என்பதை மாதிரியில் காட்டாவிட்டால் அது வெறும் வளைந்த கம்பாகத்தான் தெரியும்.

பிளாக்பெஞ்சில் எல்லாமே கனச்செவ்வகக் கட்டிகளால் ஆனவை. மைன்கிராஃப்டின் பழைய பதிப்புகள் ஒரு கட்டியை 22.5 பாகைப் படிகளில், இரு பக்கமும் 45 பாகை வரை மட்டுமே திருப்ப விடுகின்றன. அதாவது சுழிய நிலையையும் சேர்த்து ஐந்தே கோணங்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்து கட்டிகளை ஐந்து கோணங்களில் அடுத்தடுத்து வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகப் போகப் பருமனைக் கூட்டினால், வளரியின் பிறை வடிவம் ஏறத்தாழ முழுமையாகவே வந்துவிடுகிறது. எந்த வளைவை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று யோசிக்க வைக்கும் இந்தக் கட்டுப்பாடு தொடக்கநிலையில் ஒரு நல்ல ஆசிரியர்.

வண்ணம் தீட்டும் கருவியும் உள்ளேயே இருப்பதால் வேறு மென்பொருள் தேவையில்லை. 'டிஸ்ப்ளே' பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆயுதம் கையில் எந்தச் சாய்வில் இருக்கும், தரையில் கிடந்தால் எப்படித் தெரியும் என்பதையெல்லாம் கேமைத் திறக்காமலே அதில் சரிசெய்யலாம். முதல்நபர் பார்வைக்கு நேரம் ஒதுக்குங்கள். ஆடுபவர் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

செய்து முடித்த மாதிரியை ரிசோர்ஸ் பேக்காக (கேமின் தோற்றத்தை மாற்றும் கோப்புத் தொகுப்பாக) ஆக்குவதில் மென்பொருள் அதிகம் உதவுவதில்லை. கோப்புறைகளை நாமே அமைக்க வேண்டும், பேக்கின் விவரக் கோப்பில் குறிக்கும் வடிவ எண்ணும் (pack format) கேமின் பதிப்போடு பொருந்த வேண்டும் (1.20.1க்கு 15, 1.21க்கு 34). கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் கூடாது. ஊதாவும் கறுப்புமான கட்டங்கள் தெரிந்தால், வண்ணக் கோப்பு இருக்குமிடத்தைக் கேம் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள். இவற்றைத் தமிழில் விளக்கும் பாடங்கள் அரிதாக இருப்பது எனக்குப் பெரிய மனக்குறை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ரிசோர்ஸ் பேக் தோற்றத்தை மட்டுமே மாற்றும். இரும்பு வாளின் இடத்தில் வளரியை வைத்தால், அது வாளைப் போலத்தான் வெட்டும். திரிசூலம் எறியக்கூடியது என்பதால் அதையே வளரியாக்கலாம் என்று பலரும் எண்ணுவார்கள்; ஆனால் கையில் தெரியும் அதன் வடிவம் பழைய பதிப்புகளில் கேமின் நிரலுக்குள்ளேயே இருப்பதால், தொடங்குபவர்களுக்கு அது ஏற்றதன்று. எறிந்தால் பறக்கும் வளரி வேண்டுமென்றால் ஜாவா என்னும் நிரல்மொழியைக் கற்று, ஃபேப்ரிக் அல்லது ஃபோர்ஜ் (மாட்களைக் கேமில் இயக்க உதவும் மென்பொருள்கள்) வழியாக நிரலாகவே மாட் எழுத வேண்டும். பிளாக்பெஞ்சில் செய்த மாதிரியை அப்போதும் பயன்படுத்திக்கொள்ளலாம்.