"பிரபல ஓட்டுநர் ஓட்டிய கார்" என்று விற்க வந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், அதிலும் "இன்னார் ஓட்டிய வண்டி" என்ற விளம்பரத்தைப் பார்த்து மனசு இளகி நிற்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் வாங்கியது 1962 ஜாகுவார் ஈ-டைப். விற்றவர் இந்த வட்டாரத்தில் பேர் போன டீலர், பெயரைச் சொல்லப்போவதில்லை. அறுபதுகளில் பந்தயங்களில் கலக்கிய ஓர் ஓட்டுநர் இந்தக் காரைப் பந்தயத்தில் ஓட்டினார் என்று சொல்லித்தான் விற்றார். அந்த ஒரு வரிக்காக, இதே நிலையில் இருக்கும் வேறொரு ஈ-டைப்பின் விலைக்கு மேல் ஏறக்குறைய பாதி விலையைச் சேர்த்து வாங்கிக்கொண்டார். அந்த வரி பொய்.

அவருடைய பேச்சுத் திறமையை மட்டும் குறை சொல்ல முடியாது. சொன்ன கதைகள் எல்லாமே நிஜம், அதுதான் வேடிக்கை. ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் வைத்திருந்த ஃபெராரி 275 ஜிடிபி/4, 2014இல் ஏலத்தில் 1 கோடி டாலரைத் தாண்டிப் போனது. இன்னொரு ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் 1979இல் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் இரண்டாமிடம் வந்த போர்ஷே 935, 2016இல் 48 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அப்புறம் பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸ் கதை. 1962இல் அவருக்காகவே தயாரான ஃபெராரி 250 ஜிடிஓவை அவர் பந்தயத்தில் ஓட்டவே இல்லை, அதற்குள் இங்கிலாந்தின் குட்வுட் பந்தயத் தடத்தில் நடந்த விபத்து அவருடைய பந்தய வாழ்க்கையையே முடித்துவிட்டது; ஆனாலும் 2012இல் அந்தக் கார் சுமார் 3.5 கோடி டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது. இதைச் சொல்லிவிட்டு டீலர் ஒரு சின்ன இடைவெளி விட்டார், பிறகு, "அவர் ஓட்டாததுக்கே அந்த விலை, இது நிஜமாவே ஓட்டுன வண்டி சார்" என்றார்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தக் கார்களில் பெயர் சேஸிஸ் எண்ணோடு, அதாவது ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணோடு, கட்டப்பட்டிருக்கிறது. மாஸுக்காகத் தயாரான ஜிடிஓ எந்த எண், எந்த அணிக்குப் போனது, அவருக்குப் பதிலாக யார் ஓட்டினார் என்பதெல்லாம் கார் பிறந்த நாளிலிருந்தே பதிவில் இருக்கிறது. போதாக்குறைக்கு அது ஜிடிஓ, பெயரே இல்லாவிட்டாலும் கோடிகளுக்குப் போகும் வண்டி. இன்னும் தெளிவான உதாரணம் வேண்டுமென்றால், ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன் 1955இல் விபத்தில் இறந்தபோது ஓட்டிய போர்ஷே 550 ஸ்பைடரின் டிரான்ஸாக்ஸில் மட்டும் 2021இல் 3,82,000 டாலருக்கு விற்றது. கார் இல்லை, வெறும் கியர்பாக்ஸ் பாகம். அதில் பொறித்திருந்த எண் அந்தக் காருக்குரியது என்று தெரிந்திருந்ததால்தான் அந்த விலை. எண் இல்லையென்றால் அது பழைய இரும்பு.

சரி, எனக்குக் கொடுத்த கோப்பில் என்ன இருந்தது? முதலில் ஜாகுவார் ஹெரிட்டேஜ் சான்றிதழ்: சேஸிஸ், எஞ்சின், பாடி, கியர்பாக்ஸ் எண்கள், நிறம், ஆலையை விட்டுக் கிளம்பிய தேதி. எல்லாம் காரோடு அச்சு அசலாகப் பொருந்தியது. ஏமாற்று வேலைக்கு இதைவிட நல்ல திரை கிடையாது, ஏனென்றால் முதல் பக்கம் சுத்தமாக இருந்தால் மற்ற பக்கங்களையும் நம்பத் தோன்றும். ஆனால் யார் பந்தயத்தில் ஓட்டினார் என்று அந்தச் சான்றிதழ் ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. அதைச் சொன்னவை மற்ற மூன்றுதான்: ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம், பழைய மெக்கானிக் ஒருவரின் கடிதம், டாஷ்போர்டின் நடுவில் இருக்கும் அலுமினியத் தகட்டில் அந்த ஓட்டுநரின் கையெழுத்து.

கையெழுத்து அசல்தான். தெரிந்தவர்களிடம் காட்டிப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்தத் தகடு ஸ்க்ரூவைக் கழற்றினால் கையோடு வந்துவிடும், புதிதாகவும் செய்து விற்கிறார்கள், அவரும் வயதான பிறகு விழாக்களில் நீட்டியவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவர். கடிதமும் உண்மை என்றே நினைக்கிறேன். அவர் "ஒரு ஈ-டைப்" ஓட்டினார், அதை நான் பராமரித்தேன் என்கிறது. எந்த ஈ-டைப்? எண் இல்லை.

புகைப்படம்தான் எல்லாவற்றையும் உடைத்தது. ஒரு சின்ன வேலைக்காகக் காரைப் பட்டறையில் விட்டிருந்தேன். அங்கே கோப்பைப் புரட்டிய மெக்கானிக், படத்தில் பானட்டின் பக்கவாட்டில், கதவுக்குச் சற்று முன்னால் இருந்த ஒரு சிறு வட்டத்தைத் தொட்டுக் காட்டி, "உங்க வண்டியில இது எங்கே?" என்று கேட்டார். 1961இல் வந்த முதல் ஐந்நூறு ஈ-டைப்களில்தான் பானட்டை வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கும் பூட்டு உண்டு, அதன்பின் பூட்டு உள்ளே போய்விட்டது. என் கார் உள்பூட்டு. அந்தப் படம் எந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது என்று தேடிப்பிடித்து முழுப் பிரதி வாங்கினேன். டீலர் கொடுத்த பிரதி காரின் முன்பக்கக் காற்றுவாய்க்குக் கீழே, சரியாக நம்பர் பிளேட் ஆரம்பிக்கும் இடத்தில் வெட்டப்பட்டிருந்தது. முழுப் படத்தில் பிளேட் தெளிவாகத் தெரிகிறது. என் காரின் பழைய பதிவெண் இல்லை.

டீலரைக் கேட்டேன். பானட் எப்போதோ மாற்றியிருப்பார்கள் என்றார். பென்ட்லி 'ஓல்டு நம்பர் ஒன்' காரில் எத்தனையோ பாகங்கள் மாறியும் 1990இல் லண்டன் நீதிமன்றம் அதை அதே கார் என்று ஒப்புக்கொள்ளவில்லையா என்றார். ஒப்புக்கொண்டது, உண்மைதான், 1929, 1930 லெ மான் பந்தயங்களை வென்ற அந்தக் காரின் வரலாறு இடையில் அறுபடாமல் தொடர்ந்து வந்தது என்பதால். என் காருக்கு அறுபடுவதற்குக்கூட வரலாறு இல்லை. பதிவெண்ணைக் காட்டியதும், அந்தக் காலத்தில் அணிகள் ஒரு காரின் பிளேட்டை இன்னொன்றில் மாட்டுவது சகஜம் என்றார். அதுவும் நடந்த விஷயம்தான். ஆனால் பிளேட்டையே நம்ப முடியாது என்றால் அந்தப் படத்தை எதற்கு ஆதாரமாகக் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

வக்கீலிடம் போனேன். பேசும்போது அடித்துச் சொன்னதெல்லாம் ஒப்பந்தத்தில் "விற்பவருக்குத் தெரிந்தவரை" என்று பதுங்கியிருக்கிறது; வழக்குப் போட்டால் இழுக்கும், ஜெயிப்போம் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறார். மதிப்பீட்டாளரோ பெயரைக் கணக்கிலேயே எடுக்காமல் சாதாரண ஈ-டைப்பின் விலையைத்தான் எழுதிக் கொடுத்தார்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட, ஓட்டுநர் பெயரும் சேஸிஸ் எண்ணும் ஒரே தாளில் இருக்கும் ஆவணம்: அணியின் பதிவேடு, பரிசோதனைத் தாள், உரிமை மாற்றம், விற்பனை ரசீது, ஏதாவது ஒன்று. பந்தய முடிவுப் பட்டியலில் பெரும்பாலும் ஓட்டுநர் பெயரும் கார் மாடலும்தான் இருக்கும். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ கொடுக்கும் வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினால் மயங்காதீர்கள், அது கார் எந்தத் தொழில்நுட்ப விவரத்தில் இருக்கிறது என்பதற்கான தாள், வரலாற்றுக்கு உத்தரவாதம் இல்லை. சொந்தமாக வைத்திருந்தாரா, பந்தயத்தில் ஓட்டினாரா, ஜெயித்தாரா, இல்லை ஒருநாள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாரா என்று பிரித்துக் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. (என்னைக் கேட்டால் கடைசிக்குப் பத்துப் பைசாகூடத் தரமாட்டேன்.) பெயரோடு எவ்வளவு, பெயர் இல்லாமல் எவ்வளவு என்று இரண்டு மதிப்பீடு வாங்கி, வித்தியாசத் தொகையை மட்டும் "இன்னார் இந்த எண் காரை ஓட்டினார், பொய்யானால் பணம் திரும்ப" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் தருவேன் என்று சொல்லுங்கள். நேர்மையான டீலர் முகம் சுளிக்க மாட்டார்.

இதை இப்போது எழுதக் காரணம், அதே டீலர் இன்னொரு ஈ-டைப்பை விளம்பரம் செய்திருக்கிறார். அதே ஓட்டுநர், அதே புகைப்படம், இந்த முறை பானட் பூட்டும் தெரியாதபடி இன்னும் நெருக்கி வெட்டியிருக்கிறார்கள். யாராவது அந்தக் காரைப் பேசிக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், முழுப் படம் என்னிடம் இருக்கிறது.