தருமபுரியில் அக்குபங்சர்: மாதவிடாய் நிற்கும் காலத்து அனலுக்குப் பத்து சிட்டிங்

கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே மார்பிலிருந்து கழுத்து வழியாகக் காதுமடல் வரை ஓர் அனல் ஏறும், இரண்டு மூன்று நிமிடங்களில் ரவிக்கையின் முதுகுப்புறம் நனைந்துவிடும், பிறகு குளிரெடுக்கும். மார்கழிப் பனியிலும் இதே கதைதான் என்பதால் வெயிலின் மேல் பழிபோட வழியில்லை. எனக்கு 49 வயது, மாதவிடாய் நின்று 14 மாதங்கள் ஆகியிருந்தன. பெண்கள் நல மருத்துவர் தைராய்டு, சர்க்கரை, ரத்த அணுக்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இது ஈஸ்ட்ரோஜன் குறைவதால் மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டுப் பகுதி சிறு சூட்டைக்கூடப் பெருஞ்சூடாக எடுத்துக்கொள்வதன் விளைவு என்றும், இதற்கு மிகவும் பலன் தருவது ஹார்மோன் மாத்திரைதான் என்றும் சொன்னார். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்ததால் எனக்கு மனம் ஒப்பவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் தருமபுரி நகரில் முதல் மாடியில் இயங்கும் அந்த அக்குபங்சர் நிலையத்துக்குச் சென்றேன். ஒரே ஒருவர் நடத்தும் இடம் என்பதாலும், கீழே சில குறைகளைச் சொல்லப்போவதாலும் பெயரைத் தவிர்க்கிறேன்.

நம் மாவட்டத்தில் அக்குபங்சர் என்றால் இரண்டு வகை உண்டு என்பதைப் புதிதாகச் செல்பவர்கள் அறிந்திருப்பது நல்லது. நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் தொட்டுவிட்டு அனுப்புவது ஒன்று. ஊசி குத்துவது மற்றொன்று. நான் சென்றது ஊசி குத்தும் இடம். முதல் நாள் இரண்டு கை நாடியையும் நெடுநேரம் பிடித்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, "டீச்சர், உங்களுக்குச் சிறுநீரகத்துல நீர்ச்சக்தி குறைஞ்சிருக்கு, அதான் சூடு மேல ஏறுது" என்றார். நான் பயந்துபோய் மறுநாளே ஆய்வகத்தில் சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்தேன். அளவு சரியாகவே இருந்தது. சீன மருத்துவம் பேசும் சிறுநீரகமும் ஸ்கேனில் தெரியும் சிறுநீரகமும் ஒன்றல்ல என்று அவர் அன்றே விளக்கியிருந்தால் எனக்கு அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

ஊசியைப் பற்றிய பயம் தேவையற்றது. தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த கம்பி. மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து மேலே ஒரு தட்டு தட்டினால் உள்ளே போய்விடுகிறது. உள்கணுக்காலின் எலும்புக்கு நான்கு விரற்கடை மேலே குத்தும் புள்ளியில் மட்டும், ஊசியை லேசாகத் திருகும்போது, பாதம் வரை ஒரு கனமான இழுப்பு ஓடும். மற்ற இடங்களில் எறும்புக் கடிகூட இல்லை. மணிக்கட்டு, முழங்கை, கால் என எட்டு ஊசிகளோடு 25 நிமிடங்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய உறையை என் கண்முன்னே பிரித்தார்கள். மூன்றாவது சிட்டிங்கில் மட்டும் ஏற்கெனவே பிரித்த உறை ஒன்று தட்டில் இருந்தது. கேட்டவுடன் முகம் சுளிக்காமல் வேறு எடுத்தார்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், மஞ்சள் காமாலைக் கிருமி பரவ ஒரு ஊசி போதும்.

ஒரு சிட்டிங்குக்கு 300 ரூபாய். வாரம் ஒன்றாகப் பத்து. சமையலறையின் தினசரி நாட்காட்டித் தாளில் அனல் ஏறும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டுவந்தேன். தொடக்கத்தில் பகலில் எட்டு ஒன்பது, இரவில் நான்கு. நான்கு வாரங்கள் வரை எந்த மாற்றமும் இல்லை, நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆறாவது வாரத்திலிருந்து இரவுக் கோடுகள் குறைந்தன. பத்து முடிந்தபோது பகலில் ஐந்தாறு, இரவில் ஒன்று அல்லது இரண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவளுக்கு ஐந்து மணி வரை தூக்கம் கிடைத்ததே பெரிய லாபம். மூட்டு வலி கொஞ்சமும் குறையவில்லை. பிறப்புறுப்பு வறட்சிக்கும் பயனில்லை. அதற்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த களிம்புதான் உதவியது.

இந்தக் குறைவு ஊசியால் வந்ததா, வாரத்தில் அரை மணி நேரம் யாரும் கூப்பிடாமல் படுத்திருந்ததால் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் 327 பெண்களுக்கு எட்டு வாரங்களில் பத்து சிட்டிங் கொடுத்து 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேருக்கு உண்மையான ஊசியும் மீதிப் பேருக்குத் தோலில் இறங்காத மொட்டை ஊசியும் வைத்தார்கள். இரு தரப்பிலும் அனல் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வில் 209 பெண்களில் ஆறு மாதம் சிகிச்சை பெற்றவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது, பெறாதவர்களுக்குக் குறையவில்லை. ஆனால் அங்கே மொட்டை ஊசி ஒப்பீடு கிடையாது. ஹார்மோன் அல்லாத சிகிச்சைகள் பற்றி வட அமெரிக்க மெனோபாஸ் (மாதவிடாய் நிற்றல்) சங்கம் 2023இல் வெளியிட்ட அறிக்கை அக்குபங்சரைப் பரிந்துரைக்கவில்லை. எனக்குக் கிடைத்த பலன் ஏறக்குறைய அந்த ஆய்வுகளில் கண்ட அளவுதான், அதற்கு 3,000 ரூபாய் அதிகமென்று நான் கருதவில்லை. பேருந்துக் கட்டணமும், பாலக்கோட்டிலிருந்து வந்துபோகும் சனிக்கிழமைகளும் தனி.

குறைகள் இரண்டு. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே வெறும் திரைச்சீலை. எனக்கு எப்போது மாதவிடாய் நின்றது, கணவரோடு உறவு எப்படி என்றெல்லாம் அவர் உரத்த குரலில் கேட்க, அடுத்த கட்டிலில் முதுகுவலிக்குப் படுத்திருந்த பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அடுத்த வாரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது, என்னால் மன்னிக்க முடியாதது. ஐந்தாவது சிட்டிங்கில், "ரசாயன மாத்திரைய நிறுத்தினாத்தான் ஊசி நல்லா வேலை செய்யும்" என்று நான் ஆறு ஆண்டுகளாக உண்டுவரும் ரத்த அழுத்த மாத்திரையை விடச் சொன்னார். நான் விடவில்லை, ஊசி அப்படியும் வேலை செய்தது. அதே அறையில், நின்றுபோன மாதவிடாய் இரண்டு ஆண்டுக்குப் பிறகு மறுபடி பட்டதாகச் சொன்ன ஒரு அம்மாவிடம், "கழிவு வெளியேறுது, நல்லதுதான்" என்று அவர் சொன்னதையும் கேட்டேன். வெளியே வந்ததும் அந்த அம்மாவிடம், இது கர்ப்பப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம், திங்கட்கிழமையே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் அக்கா என்று சொல்லிவிட்டுத்தான் பேருந்து ஏறினேன்.

முடித்து மூன்று மாதங்கள் ஆகின்றன. பகல் அனல் மறுபடி ஏழு வரை ஏறியிருக்கிறது, இரவு இன்னும் இரண்டைத் தாண்டவில்லை. இன்னும் நான்கு சிட்டிங் போகலாம் என்றிருக்கிறேன், மாத்திரையைப் பற்றிப் பேசக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு. போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டம் படி வரை நிற்கும். முழங்கால் வரை எளிதில் சுருட்டக்கூடிய தொளதொளப்பான சுடிதாரில் செல்லுங்கள். முதல் நாள் கஞ்சிபோட்ட பருத்திப் புடவையோடு போய், ஊசி குத்திய காலை அசைக்காமல் கொசுவத்தைச் சரிசெய்ய நான் பட்ட பாடு போதும்.